வளைவுக்கு ஒரு சாமி

"நில்லுங்க, நில்லுங்க! மலைச்சாமிக்குப் படையல் வைக்காம இந்த வளைவை யாரும் தாண்டக் கூடாது!"

பின்னாலிருந்து கைடு ஃபகுந்தோவின் குரல் வந்ததும், முன்னால் வழிகாட்டிப் போன இன்னொரு கைடு நில்டா பல்லைக் கடித்தாள். காலையிலிருந்து இது ஏழாவது சாமி.

பெருவின் தலைநகர் லீமாவிலிருந்து மச்சு பிச்சு கோட்டையைப் பார்க்க வந்திருந்த ஆறு பயணிகளில் ஐந்து பேர், முன்னால் நடந்தவர்கள், சிரித்துக்கொண்டே பாதையோரம் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து, பெரிய உடம்பை அசைத்து அசைத்து ஃபகுந்தோ வந்து சேர்ந்தார். கூடவே ஆறாவது ஆள், அறுபத்தெட்டு வயது அன்செல்மோ.

ஆளுக்கு மூன்று கோக்கா இலை கொடுத்தார் ஃபகுந்தோ.

"கண்ணை மூடுங்க. நிதானமா நூறு மூச்சு விடுங்க. அவசரப்பட்டா இந்தச் சாமிக்கு ஆகவே ஆகாது."

நூறு மூச்சாமே! நில்டா இந்த மலையிலேயே பிறந்தவள். கணவாய் உச்சியில் ஒரே ஒரு தடவை, இலையை ஊதி, கல்லுக்கு அடியில் வைத்தால் முடிந்தது. வளைவுக்கு வளைவு படையல் எந்த ஊர் வழக்கம்?

பயணத்தின் முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். மலாகா கணவாயிலிருந்து சைக்கிளில் இறங்கும்போது, பெடலைக்கூட மிதிக்கத் தேவையில்லாத சரிவில், நாலு இடத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குச் சோளக் கள் தெளித்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நில்டாவால் பொறுக்க முடியவில்லை. அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணே, மூச்சு வாங்குதுன்னா உட்கார்ந்துட்டு வாங்க. எங்க சாமியை எதுக்கு இழுக்கறீங்க?"

"என்ன பண்றது தங்கச்சி?" ஃபகுந்தோ வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இது என்னைவிட மெதுவா ஏறுதே!"

"சிரிக்காதீங்க. யாராவது அரை மணி பின்தங்கினா வண்டியேத்தி குஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பணும்னு கம்பெனியில சட்டம். பயணி பின்தங்கினா வண்டி வருது, கைடு பின்தங்கினா சாமி வருதா? இன்னொரு தடவை பண்ணினீங்க, எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சுடுவேன்."

ஃபகுந்தோவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"மச்சு பிச்சு படிக்கட்டு வரைக்கும் பொறுத்துக்கோ புள்ள. அதுக்கப்புறம் என்னை என்ன வேணா சொல்லு."

நாலாம் நாள் விடியற்காலை. கோட்டைக்கு ஏறும் படிக்கட்டு. நெட்டுக்குத்தான கல்படிகள், ஆயிரத்துக்கும் மேலே.

நூறு படிக்கு ஒரு சாமி வந்தது. மழைச்சாமி, மூங்கில்சாமி, பட்டாம்பூச்சிச்சாமி.

"கைடு சார், இத்தனை சாமி பேரையும் எப்படி ஞாபகம் வெச்சிருக்கீங்க?" என்று பயணிகளில் ஒரு பையன் கேட்டான்.

"கும்பிடுற கும்பிடுல தானா வந்துடும் தம்பி. நூறு மூச்சு, ஆரம்பி!"

நில்டாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கு உடைத்துவிட வேண்டியதுதான். சுற்றிப் பார்த்தாள். எல்லோரிலும் பக்தியாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர் அன்செல்மோதான். மூன்று இலையையும் விரல் நுனியில் பூப்போலப் பிடித்திருந்தார். இவரைப் போய் ஏமாற்றுகிறாரே!

பக்கத்தில் போய் உட்கார்ந்து கிசுகிசுத்தாள்.

"ஐயா, கண்ணைத் திறங்க. இப்படி ஒரு வழக்கமே இந்த மலையில கிடையாது. அவரால ஏற முடியல. அதுக்குத்தான் இந்த நாடகம்."

அன்செல்மோ ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அவராலயா? முதுகுல ஒண்ணு, முன்னால ஒண்ணுன்னு ரெண்டு பை சுமந்துட்டு வர்றார். முன்னால தொங்கறது என்னுது."

நில்டா திரும்பிப் பார்த்தாள். அது மருந்துப் பை என்றல்லவா நினைத்திருந்தாள்! ஃபகுந்தோ இரண்டு பையோடும் நின்றபடியே மூச்சு எண்ணிக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை. பார்வை மட்டும் அடிக்கடி அன்செல்மோவின் முழங்காலுக்குப் போய்ப் போய் வந்தது.

"சைக்கிள்லயே எனக்குக் கையெல்லாம் மரத்துப் போச்சும்மா," என்றார் அன்செல்மோ. "அதை அவர் பார்த்துட்டார். 'பெரியவருக்காக நிக்கலாம்'னு ஒரு தடவை சொல்லியிருந்தா, அப்பவே கணக்கா அரை மணி பார்த்து என்னை வண்டியேத்தியிருப்பீங்க. சாமிக்காக நின்னா யாரு கடிகாரத்தைப் பார்க்கறாங்க?"

மேலே மூடுபனி விலகி நுழைவாசல் தெரிந்தது. இன்னும் இருபது படிதான்.

நில்டா மெதுவாகக் கேட்டாள். "அப்போ... இது பொய்ப் படையல்னு உங்களுக்கும் தெரியுமா ஐயா?"

அன்செல்மோ இதுவரை பேசிய ஸ்பானிஷை விட்டுவிட்டு, நில்டாவின் வீட்டு மொழியான கெச்சுவாவில், அவள் காதோடு சொன்னார்.

"மெதுவா பேசும்மா, அவர் காதுல விழுந்தா வெட்கப்படுவார். மக வீட்டோட லீமாவுக்குப் போறதுக்கு முன்னாடி, இருபத்தெட்டு வருஷம் எங்க மலைச்சாமிக்குப் படையல் வெச்ச பூசாரியே நான்தான்!"