வடக்கே போன பச்சை

இறந்தவரின் சாம்பலை இரும்புத்தூளோடு கலந்து அவரவர் ஊர்க் கடலில்தான் கரைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் அதைத் தின்று பெருகும். கடல் பச்சையாகும். அந்தப் பாசியைத் தின்ன மத்தி மீன் வரும். இந்தக் கரையில் இப்போது அப்படித்தான் மீன் கிடைக்கிறது.

என் மனைவி பூவிழியைக் கரைத்த பிறகும் எங்கள் கடல் நீலமாகவே இருந்தது. பச்சை வடக்கே, அவள் பிறந்த ஊருக்கு எதிரே படர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் வலை நிறைய அள்ளினார்கள். முதல் கூடை இறந்தவர் வீட்டுக்கு என்ற வழக்கப்படி மாமியார் எனக்குக் கொடுத்தனுப்பினார். சமைத்துச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

பஞ்சாயத்தில் தலைவர் கலியமூர்த்தி கத்தினார். "காலேஜ் படிச்சவன், நீரோட்டம் பாக்கத் தெரியாதாடா? வாக்கப்பட்டு வந்த பொண்ணு நம்ம கடலுக்குத்தானே சொந்தம்?"

"கரைக்கச் சொன்னா பார்சல் அனுப்பிட்டான்" என்றான் பின்னாலிருந்து ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"பாதி மீன நீயே போய்க் கேட்டு வாங்கிட்டு வா. இல்லன்னா இந்த வருசம் ஒன் படகு கடல்ல எறங்கக் கூடாது" என்றார் தலைவர்.

கடைசி மாதம் முழுவதும் பூவிழி அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அவளை நகர்த்த முடியவில்லை.

"கேக்க மாட்டேன் மாமா. படகு கரையிலயே கெடக்கட்டும்" என்றேன் தலைவரிடம். "நீரோட்டம் பாத்துத்தான் கரைச்சேன்."