வீரமுத்துவின் கண்

“அந்த ஒத்தைக்கண்ணன் நெழல்கூட என் மாட்டு மேல படக்கூடாது.”

காளியம்மா இடுப்பில் குழந்தையோடு மாட்டுக் கொட்டகை வாசலில் குறுக்கே நின்றாள். அவள் புருஷன் மணியத்துக்கு அவளை விலக்கிவிட்டுப் போகத் தைரியமில்லை. கையோடு கூட்டிவந்த வீரமுத்துவைத் திருப்பி அனுப்பவும் மனசில்லை.

“பின்ன யாரைக் கூப்பிடச் சொல்றே? ஆஸ்பத்திரி டிரெசரைக் கேட்டாச்சு. நான் ஆளுங்களுக்கு மருந்து குடுக்கிறவன், மாட்டுக்கு இல்லன்னுட்டாரு. மாட்டு டாக்டரு சிகாமட் டவுன்ல இருக்காராம். அவரு நம்ம சாஆ தோட்டத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள செவலை போயிடும்.”

செவலை மூன்று நாளாகப் புல்லைத் தொடவில்லை. கழுத்தில் தேங்காய்ப் பருமனுக்கு வீக்கம். மடி வற்றிக்கொண்டே வந்தது.

காளியம்மாவின் இடுப்பில் இருந்த ஐந்து மாதக் குழந்தை அந்தப் பாலில்தான் உயிர் வைத்திருந்தது. அது அவள் தங்கை பெற்ற பிள்ளை. பெற்ற பத்தாம் நாளே தங்கை காய்ச்சலில் போய்விட்டாள். டின் பால் கொடுத்துப் பார்த்தார்கள், அத்தனையும் வாந்தி.

வீரமுத்து தோட்டத்து மாட்டுவண்டிக்காரர். ஒரு கண்ணில் பூ விழுந்தவர். காலையில் அவர் எதிரே வந்தால் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிற பொம்பளைகள் ஒதுங்கி நிற்பார்கள். அதே பொம்பளைகள் ஆட்டுக்குட்டிக்கு வயிறு உப்பினால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்போது மட்டும் அந்தக் கண் யார் கண்ணுக்கும் தெரியாது.

காளியம்மா அப்படியில்லை. கோபம் என்றால் கோபம்தான். மூணு வாரத்துக்கு முன்னால் அந்த மனுஷன் வண்டியை நிறுத்தி, “நல்ல மடி தங்கச்சி, வஞ்சகமில்லாம கறக்குமே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனார். கறவை மாட்டை யாராவது அப்படிச் சொல்வார்களா?

அன்றைக்கே கறுப்புக் கயிறு திரித்து, சோழி, வேப்பங்குச்சி, இரும்புக்கு ஒரு கோணி ஊசி என்று தன் கையாலேயே கோத்து, செவலையின் கழுத்தில் இறுக்கிக் கட்டினாள். அப்படியும் வீங்கிவிட்டது. எவ்வளவு பொல்லாத கண்ணாக இருக்க வேண்டும்.

“கேளுங்க அவரை. என் மாட்டைப் பாத்துச் சொன்னாரா இல்லையா?” என்றாள் புருஷனிடம். வீரமுத்துவோடு நேராகப் பேச அவளுக்கு இஷ்டமில்லை.

“சொன்னேன் தங்கச்சி. நல்லா இருந்துச்சு, சொன்னேன்,” என்றார் வீரமுத்து.

குழந்தை தன் முஷ்டியை வாயில் திணித்துச் சப்பியது. ஒன்றும் வரவில்லை என்று சிணுங்கியது. காளியம்மாவின் கண் கலங்கிவிட்டது. விலகி வழிவிட்டாள்.

வீரமுத்து வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். “பழுத்துடுச்சு. இன்னைக்கே கீறணும். மொதல்ல இந்தக் கயித்தை அறுக்கணும்.”

“அதை அறுத்தா இருக்கிற உசுரும் போயிடும்!”

“அறுக்கலன்னாலும் போயிடும் தங்கச்சி. சதைக்குள்ள பதிஞ்சு கிடக்கு.”

மணியம் பெண்டாட்டியைப் பார்க்காமலே கயிற்றை அறுத்தான். செவலையைத் தூணோடு சேர்த்துக் கட்டி, கொம்பைப் பிடித்துக்கொண்டான். வீரமுத்து சவரக்கத்தியை நெருப்பில் வாட்டி, வீக்கத்தின் அடியில் ஒரே கீறலாகக் கீறினார். ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சீழ் வந்தது. செவலை துள்ளித் துள்ளி அடங்கியது.

அவர் விரல் புண்ணுக்குள் எதையோ துழாவியது. வெளியே வந்தபோது கை மூடியிருந்தது.

“என்ன அது?” என்று காளியம்மா முதல்முறையாக அவரிடம் நேராகக் கேட்டாள்.

“சீழ்க்கட்டி.”

உப்புத் தண்ணீரால் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பினார், எல்லாம் ஒற்றைக் கையாலேயே. சற்று நேரத்தில் செவலை தலையைத் தாழ்த்தித் தவிட்டுத் தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்தது. காளியம்மா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் பழைய காளியம்மா ஆகிவிட்டாள்.

“பாத்தீங்களா? கண்ணு வச்ச ஆளே வந்து எடுத்தாத்தான் எறங்குது.”

“ஆமா தங்கச்சி, என் கண்ணாத்தான் இருக்கும்,” என்றார் வீரமுத்து. “ஆனா ஒண்ணு. என் கண்ணு இரும்புக்கு அடங்காது. மஞ்சத் துணிக்குத்தான் அடங்கும். புண்ணு ஆறினதும் அதையே கட்டு, தளர்வா.”

“மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?” என்றாள் காளியம்மா. பிறகு புருஷனிடம், “கை கழுவத் தண்ணி ஊத்துங்க. தள்ளிக் கூட்டிட்டுப் போய் ஊத்துங்க. நம்ம வாளியில அவரு கை பட வேணாம்.”

மணியம் வெட்கத்தோடு வாளியைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டு வரிசையின் கோடி வரை அவர் பின்னால் போனான்.

“தப்பா நினைக்காதீங்கண்ணே. கையை நீட்டுங்க.”

வீரமுத்து திரும்பிப் பார்த்தார். காளியம்மா கண்ணுக்கு எட்டவில்லை என்று தெரிந்ததும் மூடிய கையைத் திறந்தார். சீழும் துருவுமாகக் கிடந்தது அந்தக் கோணி ஊசி.

மணியம் வாளியைக் கீழே வைத்துவிட்டான். “அண்ணே, இது அவ கோத்து...”

“பெத்த புள்ளையாட்டம் வளக்கிறா. அது வாயிலேர்ந்து பாலைப் பிடுங்கினது தன் கைதான்னு தெரிஞ்சா அவளுக்குச் சோறு எறங்குமா?” வீரமுத்து ஊசியைக் காலால் மண்ணுக்குள் அழுத்தி மிதித்தார். “என் கண்ணாவே இருந்துட்டுப் போகட்டும். நீ தண்ணியை ஊத்து.”