ஐந்தாவது வரி

தங்கை ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வெளிச்சப் பலகையின் ஐந்தாவது வரியைக் கடகடவென்று வாசிக்கிறாள்: "ட, ம, ப, ர, க." பார்வை சோதிக்கும் பெண், "அட, மூணே ஊசியில இவ்ளோ தெளிவா!" என்று வியக்கிறாள். சுவரோரம் காத்திருக்கும் அக்காவுக்கு வயிறு பற்றி எரிகிறது. இருவருக்கும் ஒரே சர்க்கரை நோய், விழித்திரையில் ஒரே நீர்க்கோப்பு, கண்ணுக்குள் ஏற்றியதும் ஒரே மருந்து. ஊசியில் நூல் கோக்க முடியாமல் இரண்டு மாதமாகத் தையல் மெஷினை மூடி வைத்திருப்பவள் இவள். டி.வி. பார்ப்பதைத் தவிர வேறு வேலை அறியாத அவளுக்குப் போய் இந்தப் பார்வை!

"அடுத்து நீங்க வாங்கம்மா." நாற்காலியில் தங்கையின் சூடு இன்னும் ஆறவில்லை. பலகை வெறும் வெள்ளைப் புகையாகத் தெரிகிறது, அதன் நடுவே வழக்கமான சாம்பல் திட்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ட, ம, ப, ர, க" என்கிறாள் அக்கா. தங்கை ஓடிவந்து அவள் தோளைக் கட்டிக்கொள்கிறாள். "எனக்கு மட்டும் சரியாகி, உனக்கு ஆகாமப் போயிடுமோன்னு எவ்ளோ பயந்தேன் தெரியுமாக்கா!" அந்தக் குரல் அழுகையில் நனைந்திருக்கிறது. சோதிக்கும் பெண் பேனாவைத் திறக்கிறாள். "நல்ல முன்னேற்றம். இனிமே ஊசி வேண்டாம்னே டாக்டர் சொல்லலாம்." காகிதத்தில் பேனா கீறும் சத்தம் கேட்கிறது. "எழுதாதீங்கம்மா," என்கிறாள் அக்கா. "எனக்கு ஒரு எழுத்தும் தெரியல. அவ படிச்சதைத்தான் திருப்பிச் சொன்னேன்." பேனா நிற்கிறது. தோளை அணைத்த கை விலகவில்லை, இன்னும் இறுகுகிறது. அந்த நல்ல மனசின் மேலும் அக்காவுக்குப் பொறாமையாக இருக்கிறது.