பதின்மூன்றாவது பேட்டி

அடுத்த வாரம் மாநிலமெங்கும் வரவிருந்த மாத்திரையை முன்கூட்டியே சாப்பிட்டுப் பார்த்த உப்பளப் பெண்களிடம் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தாள் ஆய்வாளர் யாழிசை. முறை பிசகக் கூடாதென்று, முன்பு ஒருவர் சொன்ன பதிலே திரும்ப வந்தால் பதிவுக் கருவி பேட்டியை அங்கேயே முடித்துவிடும்.

“எனக்கும் தலைசுத்தல்தாம்மா” என்று தொடங்கினாள் பதின்மூன்றாவது வீட்டு ரெஜினா.

“புதிய தகவல் இல்லை. பேட்டி நிறைவு” என்றது கருவி. யாழிசை எழுந்தாள்.

“அதுக்குள்ளயா? மெஷினுக்குப் பசிக்குதோ? மிச்சத்தையும் கேட்டுட்டுப் போங்க. ஒரே வாரத்துல எனக்கு இடது கண்ணு தெரியாமப் போச்சு.”

யாழிசை மறுபடியும் உட்கார்ந்தாள். “வேற யாருக்காச்சும் இப்படி ஆச்சாக்கா?”

“தெருவுல பாதிப் பேருக்கு. பன்னெண்டு வீடு போய்ட்டுதான வந்தீங்க, ஒருத்தரும் சொல்லலியா?”

முதல் பெண்ணைத் தவிர வேறு யாரையும் யாழிசை இரண்டாவது வாக்கியம் பேச விட்டதில்லை.