குறை சொல்லும் கடை

கல்யாண உடுப்பு தைக்க வந்த பெண்ணின் தோளில் டேப்பை வைத்தபடியே ஆரம்பித்தாள் அளவெடுக்கும் அக்கா.

"எங்க வீட்டுக்காரர் குப்பையை வீசினா ஒரு நாளும் தொட்டிக்குள்ள விழாது. குறி பார்க்கவே தெரியாது."

"எங்க ஆளு குறட்டை விட்டா பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்" என்றாள் மெஷினில் இருந்த அக்கா.

"ஈரத் துண்டு எப்பவும் கட்டில் மேலதான்."

"இது பரவாயில்லையே. எங்க ஆளு வெந்நீர் வச்சாலே பாத்திரம் கருகிடும்."

பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ரெண்டு பேரையும் கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வாங்கக்கா. நேர்ல பார்க்கணும்."

அளவெடுக்கும் அக்கா சுவரைக் காட்டினாள். இரண்டு படங்கள். இருவரும் வெவ்வேறு ராணுவ உடுப்பில் இருந்தார்கள். அடியில் இறந்த தேதி, இரண்டிலும் ஒன்றே.

"ஒரே சண்டை, எதிரெதிர் பக்கம். நல்லதைப் பேசினா அழுகை வந்து தையல் கோணிடும். அதான் கடையில குறை மட்டும் பேசுறோம்."

மெஷின் நின்றது.

"அந்தக் குப்பைத்தொட்டிக் கதையைத் தினமும் சொல்லச் சொல்வேன்" என்றாள் மற்றவள். "இவ வீட்டுக்காரருக்குக் குறி தெரியாதுன்னு கேட்டாத்தான் இவ போடுற டீ எனக்குத் தொண்டையில இறங்கும்."

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது கிடக்கட்டும். உன் மாப்பிள்ளைகிட்ட என்ன குறை?"

"எங்க போனாலும் அரை மணி நேரம் லேட்டாத்தான் வருவார்."

"வந்துடுறாரில்ல?" என்றார்கள் இருவரும் சிரித்தபடி. "கொடுத்து வச்சவ."