அடுத்தவர் வலி

தத்துவம் படிக்கப் போன தையல்காரிக்கு முதல் வகுப்பிலேயே ஒரு வம்புக் கேள்வி: அடுத்தவருக்கு வலிக்கிறது என்பது நமக்கு எப்படித் தெரியும்?

"கத்துறத வச்சுத்தான்!" என்று அவள் பட்டென்று சொல்ல, வகுப்பே சிரித்தது.

சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தி அவன் விரலில் ஆழமாக இறங்கியது. அவன் விரலை ஒருமுறை பார்த்துவிட்டு, ரத்தம் வழிய வழிய மேலும் நறுக்கிக்கொண்டே போனான்.

வாசலில் அவள் நிற்பதைக் கண்டதும்தான் கத்தியைப் போட்டுவிட்டு, "ஐயோ, அம்மா!" என்று துடித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுப் பழகிய அதே அலறல்.

அவள் அசையவில்லை.

அவன் துடிப்பதை நிறுத்தினான். அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"ஏம்மா, சத்தம் பத்தலையா?" என்று அக்கறையாகக் கேட்டான்.