இல்லை என்றொரு வரி

“இல்லைன்னு ஒரு வரி எழுதித் தர்றதுக்கு என்ன சார் கஷ்டம்?”

கேட்ட பிறகுதான் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது தெரிந்தது. பக்கத்து ஜன்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த தகவல் அலுவலர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பதற்றப்படாமல் உட்காரச் சொன்னார். உட்கார அங்கே நாற்காலி இல்லை.

லைசென்ஸ் ஆபீஸில் எல்லோரும் இருப்பதைக் கேட்டு அலைவார்கள். நானும் தம்பி பொண்டாட்டியும் இல்லாததைக் கேட்டு அலைந்தோம்.

தம்பி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் ஆற்றங்கரையில் லாரி மட்டும் நின்றது. ஆற்றுப் படிக்கட்டில் அவன் சட்டையும் செருப்பும் கிடந்தன. ஆள் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காதவனுக்கு ஆஸ்பத்திரியில் இறப்புச் சான்றிதழ் தர மாட்டார்கள். ஏழு வருஷம் காத்திருந்து, இத்தனை காலமாக அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை என்று கோர்ட்டில் காட்ட வேண்டுமாம். அதற்கு வக்கீல் ஒரு யோசனை சொன்னார். அந்தத் தேதிக்குப் பிறகு தம்பியின் லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், இல்லை என்று பதில் வரும், அந்தக் காகிதம் போதும் என்றார்.

அந்தக் காகிதத்துக்காக ஒரு மனுஷன் காத்துக்கொண்டிருக்கிறார். தம்பி பொண்டாட்டி வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தங்கமான ஆள். நானே முன்னின்று பேசி முடித்த சம்பந்தம். ரிஜிஸ்டர் ஆபீஸில் முதல் புருஷனின் இறப்புச் சான்றிதழைக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

என் பேரிலேயே மனு போட்டோம். வந்த பதிலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்ட தகவல் மூன்றாம் நபர் சம்பந்தப்பட்டது, மூன்றாம் நபர் ஆட்சேபம் தெரிவித்திருப்பதால் தர முடியாது என்று இருந்தது.

யார் இந்த மூன்றாம் நபர்?

லாரி முதலாளிதான் ஏதோ குட்டையைக் குழப்புகிறார் என்று நினைத்தேன். அவருக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. இந்த வயதில் அவளுக்கு எதற்கு இன்னொரு கல்யாணம் என்று ஆரம்பத்தில் முணுமுணுத்த என் வீட்டுக்காரர் மேல்கூடச் சந்தேகம் வந்தது. ராத்திரி சோறு போடும்போது முறைத்தேன். பாவம், அவருக்குக் காரணம் தெரியவில்லை.

அதனால்தான் நேரிலேயே வந்துவிட்டோம்.

அலுவலர் பொறுமையாக விளக்கினார். ஒருவரின் சொந்த விவரத்தை இன்னொருவர் கேட்டால் தூக்கிக் கொடுத்துவிட முடியாதாம். கொடுக்கலாமா என்று சம்பந்தப்பட்டவருக்கே எழுதிக் கேட்க வேண்டுமாம். வேண்டாம் என்று அவர் காரணம் சொல்லி எழுதினால், அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்களாம்.

அதெல்லாம் சரி, நீங்கள் யாருக்கு எழுதினீர்கள் என்று கேட்டேன்.

லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆற்றோடு போனவனுக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டிருக்கிறார்கள். இவர்களை என்னவென்று சொல்வது? அவன் இல்லாததால்தானே சார் இந்த மனுவே என்றேன். எங்கள் வீட்டுக்கு அப்படி எந்தத் தபாலும் வரவில்லையே என்றும் சொன்னேன்.

பழைய விலாசத்துக்கு எழுத மாட்டோம், கடைசியாகக் கொடுத்த விலாசத்துக்குத்தான் எழுதுவோம் என்றார். சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, குரலைத் தாழ்த்தினார்.

“பதில் வந்துதும்மா. தரக் கூடாதுன்னு அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கார்.”

முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்? நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இன்றைக்குக் காலையில் எங்கேயோ பல் தேய்த்திருப்பான், சாப்பிட்டிருப்பான்.

யார் கேட்கிறார்கள் என்று அந்தத் தபாலில் எழுதுவீர்களா என்று கேட்டேன். உங்கள் பேர், விலாசம் எல்லாம் இருக்கும் என்றார்.

அப்படியானால் அக்கா என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறான். ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. சந்தோஷமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

மேல்முறையீடு செய்யலாம், மேலதிகாரி விசாரிப்பார் என்று அலுவலர் ஆறுதலாகச் சொன்னார். எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? அவன் உயிரோடு இருப்பதை எதிர்த்தா?

வராந்தா பெஞ்சில் தம்பி பொண்டாட்டி என் பையையும் தன் பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். முகத்தில் அவ்வளவு ஆசை. அந்த முகத்தைப் பார்த்து எதை முதலில் சொல்வது?

“சாவு சர்டிபிகேட் வேண்டாம்மா. விவாகரத்துக்குப் போடுவோம்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் நின்று அண்ணிக்குக் கிறுகிறுத்துவிட்டது என்று நினைத்திருப்பாள். கையைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டியபடி, செத்தவரை யாராவது விவாகரத்து செய்வார்களா அண்ணி என்று கேட்டாள்.

நான் பாட்டிலை வாங்கி, தண்ணீர் தீரும்வரை குடித்தேன்.